மணிமேகலையின் வினாவும் அளவையியல் வகுப்பும்

மணிமேகலையைத் துறவுக் காப்பியம் என்பர். பௌத்தக் காப்பியம் என்பர். பசிப்பிணி தீர்க்கும் அறத்தைப் பாடிய காப்பியம் என்பர். இவை யாவும் பொருந்துவனவே. எனினும், அந்நூலின் பிற்பகுதியை ஊன்றிப் பயில்வோர்க்குப் பிறிதோர் உண்மையும் புலனாகும். அஃது ஒரு மாணவியின் கதை. ஆடல்மகளிர் மரபிலே தோன்றிய இளம்பெண் ஒருத்தி வஞ்சிமாநகரிலே சமயவாதிகள் பலரையும் அடுத்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கேட்டவற்றில் மனம் அமையாளாய்க் காஞ்சியை அடைந்து அறவண அடிகளிடம் அளவைநூல் பயில்கிறாள். அளவையியலின் தொடக்கப் பாடத்தையும் அதனைக் கேட்டிருந்த மாணவியையும் ஒருங்கே காட்டும் பழந்தமிழ்க் காப்பியம் இதுவாகும். அப்பாடம் எவ்வாறு தொடங்கிற்று, எவ்விடத்தில் உயிர்பெற்றது, எவ்விடத்தில் உயிர்குன்றிற்று என்பன இலக்கியத் திறனாய்வுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. இற்றைநாள் வகுப்பறைக்கும் அவை உரியன.

இலங்கையிலே கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்னும் பாடம் உண்டு. கலைத்துறை மாணவர் பலர் அதனைத் தெரிந்தெடுக்கின்றனர். கொழும்பு மாநகரில், வெள்ளவத்தையிலேனும் கொட்டாஞ்சேனையிலேனும் இப்பாடத்தைத் தொடங்கும் தமிழ் மாணவர்க்கு முதற்கண் கிடைப்பன வரைவிலக்கணங்கள். பதம் யாது, எடுப்பு யாது, அனுமானம் யாது என மூன்று விடைகளை எழுதிக்கொள்வர். அதன்பின் நால்வகை எடுப்புகளும், எதிர்ப்புச் சதுரமும், நியாயத்தொடையின் விதிகளும், போலிகளின் பெயர்களும் வரிசையாக வந்து சேரும். குறியீட்டளவையும் உண்மை அட்டவணையும் பின்னே வரும். மாலையிலே தனியார் வகுப்புக்குச் சென்றால் அங்கும் இவையே, மேலுஞ் சுருங்கிய குறிப்புகளாக. அம்மாணவர் இந்து நாகரிகத்தையும் ஒரு பாடமாகக் கொண்டிருப்பாராயின், சைவசித்தாந்தப் பகுதியிலே காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் மனனஞ் செய்வார். இரு பாடங்களிலும் ‘அளவை’ என்னும் சொல் ஒன்றே. ஆயினும் இவ்விரு கொப்பிகளும் ஒன்றையொன்று அறியா.

இவ்வறியாமை கொழும்பு நகருக்குப் பொருந்துவதொன்றன்று. 1897ஆம் ஆண்டு தை மாதத்திலே, மேனாட்டினின்றும் திரும்பிய விவேகானந்த சுவாமிகள் கீழைநாட்டில் முதற் சொற்பொழிவு ஆற்றியது இந்நகரிலேயே. அவ்வருகையின் நினைவாக 1902இல் எழுந்த விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பகுதியிலிருந்து சைவசமயப் பாடப் பரீட்சைகளைப் பல்லாண்டுகளாக நடாத்தி வந்துள்ளது. 1942இல் தொடங்கப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் வெள்ளவத்தையில் உள்ளன. சைவநூலும் தமிழ்நூலும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஒரு நகரத்து மாணவர்க்கு அளவையியல் மட்டும் கிரேக்கத்திலிருந்து நேரே வந்த அந்நியப் பொருளாகத் தோன்றுதல் வியப்பே.

இப்பிளவு இன்று நேர்ந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். சைவ மடங்களிலும் திண்ணைகளிலும் சித்தாந்த நூல்களுக்கு முன் பயிலத்தக்க கருவிநூலாக அது கொள்ளப்பட்டது. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிலோ மேனாட்டு அளவைநூல் ஆங்கிலத்திற் பயிற்றப்பட்டது. அச்செமினரியின் வழிவந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ‘நியாய இலக்கணம்’ என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். ஒரே குடாநாட்டிலே இரண்டு ஆறுகள் அருகருகே ஓடின. கலந்தன என்று சொல்லுதற்கில்லை. 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தபோது ஆங்கில ஆறே பெருகிற்று. 1960ஐ அண்டிய ஆண்டுகளில் உயர்கல்வியின் கலைத்துறைக்குத் தாய்மொழி போதனாமொழியாக வந்தபின் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. உய்த்தறி, தொகுத்தறி, எடுப்பு, கருதுகோள் என அவ்வாறு வழக்கில் நிலைத்த சொற்கள் பல பாராட்டுக்குரியன. பொருளும் ஓசையும் பொருந்தி அமைந்தவை. ஆனால் சொற்கள் பெயர்க்கப்பட்ட அளவுக்கு வினாக்கள் பெயர்க்கப்படவில்லை. அளவைநூலை ஒருவர் எதற்காகக் கற்கவேண்டும் என்னும் வினாவுக்குப் பாடநூல்களின் முகவுரைகள் தரும் விடை பெரும்பாலும் ‘சிந்தனைத் தெளிவுக்காக’ என்பதே. மணிமேகலை தரும் விடை அதனினும் கூரியது.

இருபத்தேழாவது காதையாகிய ‘சமயக் கணக்கர் தந்திறங் கேட்ட காதை’யில் முதலிற் பேசுபவன் அளவைவாதி. எப்பொருளையும் நாடுமுன் அப்பொருளை அறிதற்குரிய வாயில் எது என்று கேட்டல் வேண்டும் என்பதைச் சாத்தனார் இவ்வரிசையாலேயே உணர்த்திவிடுகிறார். காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலாக அளவைகள் பத்து என அவன் எண்ணுகிறான். பத்தென்பாரும் எட்டென்பாரும் ஆறென்பாரும் உளர் என ஆசிரியர் மூவரையும் குறிப்பிடுகிறான். அளவை போலத் தோன்றி அளவையாகாதன எட்டு என்பதையும் கூறுகிறான். அவ்வெட்டனுள் ஒன்றுக்குரிய பெயர் ‘தேராது தெளிதல்’ என்பது. வெளியிலே நிற்கும் தறியை ஆராயாமல் மனிதன் எனத் துணிதல் அதற்கு எடுத்துக்காட்டு. இவ்விரு சொற்களினும் சுருக்கமாகவும் செவ்வையாகவும் ஒரு குற்றத்திற்குப் பெயரிடுதல் இயலாது. தெரிந்து தெளிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதை அறிந்த மாணவர்க்கு இப்பெயரை மனனஞ் செய்யவேண்டிய தேவையும் இராது.

அக்காதையின் இறுதியில் வருபவன் பூதவாதி. கண்கூடாகக் காணப்படுவது ஒன்றே மெய். கருதலளவை பொய் என்பது அவன் கொள்கை. இதுகாறும் கேட்டுக்கொண்டே வந்த மணிமேகலை இவனைக் கேட்டு நகைக்கிறாள். தன் பழம்பிறப்பு உணர்வைச் சொல்லுகிறாள். அவன் அதனை மயக்கம் என ஒதுக்குகிறான். அப்பொழுது அவள் ஒரே ஒரு வினாவை எழுப்புகிறாள்: கருதலளவையை விலக்குவாயாயின், இவர் உன் தாய் தந்தையர் என்பதை நீ எவ்வாறு அறிவாய்? தன் பிறப்பைத் தான் கண்டவர் எவருமிலர். காட்சி ஒன்றையே நம்பியவன் தன் வீட்டு வாயிலிலேயே அயலானாகிவிடுகிறான். அளவைநூலின் பயன் யாது என்னும் வினாவுக்கு இதைவிட அணுக்கமான விடை கிடைத்தல் அரிது. மனிதன் தனக்கு நெருங்கிய உறவைக்கூடக் காட்சியால் மட்டும் பெறுவதில்லை. அறிவின் பிற வாயில்களாற் பெறுகிறான். ஆதலின் அவ்வாயில்கள் செம்மையானவையா என்று சோதித்தல் அவனுக்கு ஒழிக்கமுடியாத கடன்.

இவ்விடத்திலே மற்றொன்றும் கருதற்பாலது. இளையள், பெண் என்று எண்ணி எவரும் உண்மைப்பொருளை உரையார் என்பதனாலேயே மணிமேகலை மாதவர் வடிவங்கொண்டு வஞ்சியிற் புகுந்தாள். வெள்ளவத்தையிலே சைவமங்கையர் கழகம் நடாத்திய பாடசாலை போன்றவற்றிற் பயின்ற பெண்களுக்கு அவ்வேற்றுரு வேண்டியதாயிற்றில்லை. வினாவையும் அவர்கள் தம் உருவிலேயே எழுப்பலாம். எழுப்புமாறு வகுப்பு அமைந்திருத்தல் வேண்டும் என்பதே எஞ்சியுள்ள நிபந்தனை.

இனி, இருபத்தொன்பதாவது காதை. காஞ்சியிலே அறவண அடிகள் அளவைநூலைத் தொடங்குகிறார். அளவைகள் காட்சியும் கருதலும் என இரண்டே. ஏனையவை கருதலில் அடங்கும் என்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகளைக் கூறி, பின்னிரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் எனச் சுருக்குகிறார். அதன்பின் போலிகள் வருகின்றன: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து, ஆக முப்பத்து மூன்று. இத்தொகை நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு ஒத்திருத்தலின், காப்பியத்தின் காலம் பற்றிய நெடிய விவாதம் எழுந்தது. கிருஷ்ணசாமி ஐயங்கார் இப்பகுதியைத் திக்நாகருக்கு முற்பட்டதாக நிறுவ முயன்றார். குப்புசாமி சாஸ்திரியார் அதனை ஏற்றிலர். தொடக்க மாணவர்க்கு அவ்விவாதம் இன்றியமையாததன்று. 1898இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்து வழங்கியிராவிடின் விவாதிக்கவே ஒன்றும் இருந்திராது என்பதை மட்டும் நினைவுகூர்ந்து அப்பாற் செல்லலாம்.

கவிதை என்ற வகையில் இக்காதை வறண்ட நிலம் என்பதை ஒளித்துப் பயனில்லை. ஆதிரை பிச்சையிட்ட இடத்தையும் காயசண்டிகையின் யானைத்தீ நோயையும் பாடிய புலவரின் கை இங்கே ஒரு கையேட்டைச் செய்யுளாக்கும் கையாக மாறிவிடுகிறது. வடமொழிப் பெயர்கள் தமிழ் உடை முழுவதும் அணியாமலே அடுத்தடுத்து நிற்கின்றன. எனினும் எடுத்துக்காட்டுகளிலே ஆங்காங்கு உயிர் துடிக்கிறது. தன் கூற்றையே தான் மறுக்கும் பக்கப்போலிக்கு ‘என் தாய் மலடி’ என்பது காட்டு. எந்த வகுப்பிலும் இதற்கு நகைப்பு எழும், எழுந்தபின் மறவாது. ஏதுவே ஐயத்துக்கிடமானபோது எழும் போலிக்கு, தோன்றுவது ஆவியோ பனியோ புகையோ எனத் தெளியாமலே நெருப்பு உண்டு எனத் துணிதல் காட்டு. அதிகாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையிலே இரயிற்பாதைக்கு அப்பால் எழும் நீர்த்திவலை மங்கலைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேறு மலையும் மடைப்பள்ளியும் வேண்டா.

ஆனால் இக்காதையின் பெருங்குறை வறட்சியன்று. மணிமேகலையின் மௌனமே அதன் பெருங்குறை. தொடக்கத்தில், தான் கேட்ட சமயங்கள் எவையும் மனத்திற் பொருந்தவில்லை, மெய்ப்பொருளை அருளுக என்று வேண்டுகிறாள். அதன்பின் பாடம் முடியுமட்டும் அவள் குரல் கேட்பதில்லை. முப்பத்து மூன்று போலிகளில் ஒன்றையேனும் ‘இது எவ்வாறு?’ என்று அவள் இடைமறிக்கவில்லை. பூதவாதியை ஒரு வினாவால் நிறுத்தியவள் இவளேதானா என்னும் ஐயம் எழுகிறது. குருவின் முன் அடக்கம் என்று இதனை அமைத்துக்கொள்வாரும் உளர். அவ்வமைதியில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது குறையைப் போக்கவில்லை, பெரிதாக்குகிறது. பிறர் கொள்கைமுன் வினா, தம் ஆசிரியர்முன் மௌனம் என்னும் பழக்கம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார் பரபக்கம் சுபக்கம் என இரு பகுதியாக அமைந்தது. பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் புறக்கொள்கையர் யாவரும் வினாவால் துளைக்கப்படுகின்றனர். சுபக்கத்தின் வாயிலில் அளவையியல் நிற்கிறது; பத்து அளவைகளையும் மூன்றுள் அடக்கும் அதன் சுருக்கம் அழகியது. ஆயினும் வாயிலைக் கடந்தபின் அவ்வளவுகோலை எடுத்துத் தன் வீட்டுச் சுவரையும் அளந்து பார்த்த மாணவர் எத்தனைபேர்? வாளாகக் கற்ற கலையை நிறைகோலாகவும் கற்பித்தால் அன்றி இக்குறை தீராது.

இக்காலத்து அளவையியல் வகுப்பு தொடங்குவது இருபத்தேழாவது காதையில் அன்று. இருபத்தொன்பதாவதிலே நேராகத் தொடங்குகிறது. வினா எழுமுன் பட்டியல் வந்துவிடுகிறது. போலியை நேரிற் கண்டு திகைக்குமுன் போலியின் பெயர் வந்துவிடுகிறது. மாணவர் மௌனமாயிருக்கின்றனர் என ஆசிரியர் வருந்துவதில் என்ன நியாயம் உண்டு?

இருமரபுகளையும் இணைத்துக் கற்பிக்கவேண்டும் என்போர் பலர்; ஆயின் இணைக்கும் முறை பெரும்பாலும் பிழைபடுகிறது. ஐந்துறுப்பு அனுமானத்தில் இரண்டு உறுப்புகளை வெட்டிவிட்டால் அரிஸ்டோட்டிலின் மூன்று எடுப்பு நியாயத்தொடை வந்துவிடும் என்று காட்டுவது எளிய வித்தை, உண்மையன்று. ‘காகங்கள் யாவும் வெண்ணிறமுடையன, கொட்டாஞ்சேனைக் கூரையில் அமர்ந்திருப்பது காகம், ஆகவே அது வெண்ணிறமுடையது’ என்னும் வாதம் மேனாட்டு அளவையில் வாய்ப்பானது. முதல் எடுப்பு பொய்யாயினும் வடிவத்தில் வழுவில்லை. அறவண அடிகளிடமோ அருணந்தியாரிடமோ இதனைக் கொண்டுசென்றால், இஃது அனுமானமே அன்று, போலி என்று திருப்பியனுப்புவர். ஏதுவும் சாத்தியமும் உலகில் உண்மையாகவே உடனிகழ்தல் வேண்டும். அவ்வுடனிகழ்ச்சிக்கு அடுக்களை போன்ற ஓர் எடுத்துக்காட்டும் கேட்போர் கண்முன் நிற்றல் வேண்டும். மேனாட்டு வடிவ அளவை ‘இது கூறியதிலிருந்து அது பெறப்படுமா?’ என்று கேட்கிறது. இந்திய அளவை ‘இதைக் கூறி ஒருவனை மெய்யறிவுக்குக் கொண்டுசெல்லலாமா?’ என்று கேட்கிறது. இவ்வேறுபாட்டை உணராது இரண்டையும் மனனஞ் செய்தவர் இரண்டையும் இழந்தவராவர்.

மறுபுறத்தே, எல்லாம் முன்னோரிடம் இருந்தன என்று பெருமிதங் கொள்வாரும் உளர். அப்பெருமிதம் அளவைநூலுக்கே முரணானது. 1854இல் பூல் வகுத்த சிந்தனை விதிகளையும், 1879இல் பிரேகே அமைத்த குறியீட்டு மொழியையும் மணிமேகலையில் தேடிக் காண்பவர் ஆவியைப் புகை என்கிறார். வடிவத்தைப் பொருளினின்றும் பிரித்தெடுத்தமையாலேயே மேனாட்டு அளவை கணிதத்திற்கும், அதன்வழிக் கணினிக்கும் அடித்தளமாயிற்று. அப்பேறு சிறியதன்று. ஆனால் வடிவம் மட்டும் கற்ற மாணவர், செய்தித்தாளிலும் தெருவிலும் வீட்டிலும் கேட்கும் வாதங்களின் முன் கைசோர்ந்து நிற்பதும் கண்கூடு. அவ்வாதங்கள் தம்மைக் குறியீடாக எழுதிக்காட்டிக்கொண்டு வருவதில்லை.

போலிகளின் பட்டியல் பரீட்சைத்தாளுக்கு வெளியே என்ன செய்யவல்லது என்பதை இந்நகரம் அறியாததன்று. ஏதுப்போலிகளுள் ஒன்று ‘சாதாரணம்’ எனப்படும். நிறுவக் கருதிய பண்பு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் பொதுவாகக் காணப்படும் ஒன்றையே ஏதுவாகக் காட்டுதல் அது. அறியப்படும் பொருளாயிருத்தல் நிலையுள்ளவற்றுக்கும் நிலையில்லாதவற்றுக்கும் பொது; ஆதலின் அதனைக்கொண்டு ஒலி எத்தகையது எனத் துணிதல் கூடாது. பாடநூலில் இவ்வளவே. 1983 யூலையிலே, வடக்கில் ஆயுதந்தாங்கியோர் சிலர் செய்த செயலுக்காக வெள்ளவத்தையிலும் நகரின் பிறபகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு உயிர்கள் பறிக்கப்பட்டபோது, அத்தீயின் அடியில் இருந்த அனுமானமும் இதுவே. தமிழராயிருத்தல் அச்செயலைச் செய்தவர்க்கும் அதனை அறியாதவர்க்கும் பொதுவான பண்பு. அதுவே ஏதுவாகக் கொள்ளப்பட்டது. 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அதே போலி தமிழ்மொழியிற் பேசப்பட்டது. அங்கே எரிச்சலுற்று வாதித்தோரை விட மௌனமாயிருந்தோரே மிகுதி. அறவண அடிகளின் முன்னிருந்த மௌனத்துக்கும் இம்மௌனத்துக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிடுதல் எளிதன்று. அளவைநூல் கற்றவர் தீயை அணைத்துவிடுவர் என்று எவரும் கூறார். தீயை மூட்டுவோர் அளவைநூலைக் கேட்டு மூட்டுவதுமில்லை. ஆயினும் ‘சிலர்’ என்னும் சொல் ‘யாவரும்’ என்னும் சொல்லாக ஒரு வாக்கியத்துள் மாறும் கணத்தைக் கண்டுகொள்ளப் பழகிய செவி ஒரு வகுப்பில் நாற்பதின்மருள் நால்வர்க்கு வாய்த்தாலும், அப்பாடத்துக்குச் செலவிட்ட காலம் வீண்போகவில்லை. எதிர்ப்புச் சதுரத்தைக் கரும்பலகையில் வரைந்து இரண்டு மதிப்பெண் வினாவாக முடித்துவிடுதல் அச்செவியை ஆக்காது.

பாடத்திட்டத்தை மாற்றுதல் ஓர் ஆசிரியரின் கையில் இல்லை. முதல் வாரத்தை எவ்வாறு தொடங்குவது என்பது அவர் கையில் உள்ளது. வரைவிலக்கணங்களை ஒருநாள் பிற்படுத்தி, ஆசிரியரே பூதவாதியின் இடத்தில் நின்று ‘காணாத எதையும் ஏற்கேன்’ என்று கூறலாம். மணிமேகலையின் இடத்தில் மாணவரை நிறுத்தலாம். தாய் தந்தையரை எவ்வாறு அறிவீர் என்னும் வினா வந்தவுடன் கொழும்பு மாணவரிடமிருந்து பெரும்பாலும் எழக்கூடிய விடை ஒன்று உண்டு: பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது என்பர், இல்லையேல், அம்மாவும் ஆச்சியும் சொன்னார்கள் என்பர். அவ்விடை காட்சியன்று. கருதலா? பத்திரத்தை எழுதியவர் பொய்யெழுதக் காரணமில்லை, ஆதலின் அது மெய் என்று கொண்டால் அது கருதலில் அடங்கும். அறவண அடிகளின் கட்சி வெல்லும். தாயின் சொல்லை எவரும் அவ்வாறு கணக்கிட்டு நம்புவதில்லை. நம்பத்தகுந்தவர் சொல் தானே ஓர் அறிவுவாயில் என்று கொண்டால் அது உரையளவை. அருணந்தியாரின் கட்சி வெல்லும். அளவைகள் இரண்டா மூன்றா என்னும் வழக்கு அந்த வகுப்பிலே, மேசைக்கு மேசை, மணி அடிக்கும்வரை நடக்கும். ‘எடுப்பு’ என்பதன் வரைவிலக்கணத்தை அடுத்தநாள் எழுதிக்கொள்ளலாம்.